வேரில் இருந்த கட்டிகள்

அவலூர்பேட்டை பஸ் செஞ்சியை நெருங்கும்போது, என் முன் சீட்டு விவசாயி பக்கத்திலிருந்த கல்லூரிப் பெண்ணிடம் அவள் ஆராய்ச்சிக்குக் கேட்டிருந்த மல்லாட்டை, அதாவது நிலக்கடலைச் செடிகளை நீட்டினார்.

"நோவுச் செடியக் குடுத்தேன்னு பேரு வரக்கூடாது பாரும்மா. வேர்ல இருந்த கட்டியெல்லாம் கிள்ளிப் போட்டுட்டேன்."

"ஐயோ! எல்லாத்தையுமா?"

"ஒண்ணு விடல. இன்னாம்மா ஆச்சு?"

"அது நோவு இல்லீங்கய்யா. அந்தக் கட்டிக்குள்ள இருக்கிற பாக்டீரியாதான் உங்க பயிரப் பச்சையா வெச்சிருக்குது. அதப் பிரிச்செடுக்கத்தான் இவ்ளோ தூரம் வந்தேன். கொல்லையில மிச்சச் செடி இருக்குதுல்ல?"

அவர் எழுந்துபோய்க் கண்டக்டரின் தோளைப் பிடித்தார்.

"நிறுத்துப்பா, நான் எறங்கணும். கொல்லை பூரா மருந்து ஊத்தச் சொல்லிட்டு வந்திருக்கேன்."