பன்னிரண்டாம் மாடிக்குப் போகும் பாட்டு

நம் அடுக்ககத்தின் மின்தூக்கியில் கட்டடம் கட்டிய நாள் முதல் ஒலித்துவந்த ‘டிங் டிங்’ இசையை மாற்றுவது என்று நலச்சங்கத்தின் செயற்குழு, எதிர்ப்பு ஏதுமின்றி, ஒருவர் உறங்கிக்கொண்டிருந்த நிலையில், ஏகமனதாகத் தீர்மானித்த அந்த நாளை நாளைய வரலாறு எப்படி எழுதப்போகிறது என்று எண்ணும்போதே என் நெஞ்சு விம்முகிறது!

நாற்காலியின் ஒரு கால் குட்டையாக இருந்தும் நடுநிலை தவறாத தலைவர் அவர்களே! ஒற்றைப் பார்வையால் பன்னிரண்டு மாடிகளையும் ஆளும் துணைத்தலைவி அம்மையார் அவர்களே! மொட்டை மாடி என்றும் பாராமல் படியேறி வந்த பெரியோர்களே! பிள்ளையை இடுப்பிலும் களைப்பை முகத்திலும் சுமந்து நிற்கும் தாய்மார்களே! தண்ணீர்த் தொட்டியின் நிழலை முன்கூட்டியே பிடித்துக்கொண்ட தொலைநோக்கு இளைஞர்களே! எட்டாம் மாடிப் படியில் உட்கார்ந்து இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும் பொருளாளர் அவர்களே! இந்த ஒலிபெருக்கி உங்கள் காதுக்கு எட்டும் என்ற நம்பிக்கையில் உங்களுக்கும் என் வணக்கம்!

இன்று நாம் யாரைப் பாராட்டக் கூடியிருக்கிறோம்? பாலம் கட்டியவரையா? பதவி ஏற்றவரையா? இல்லை! பயமுறுத்தியவரைப் பாராட்டக் கூடியிருக்கிறோம். இதோ, என் வலப்பக்கத்தில் கூச்சத்தோடு அமர்ந்திருக்கும் மூன்றாம் மாடி இசையமைப்பாளர்! அக்கம்பக்கத்தார் அன்போடு ‘விண்வெளி’ என்று அழைக்கும் தம்பி! நம் துணைத்தலைவி அம்மையாரின் ஒரே மாப்பிள்ளை! அம்மையாரின் வீடு பன்னிரண்டாம் மாடி, மாப்பிள்ளையின் வீடு மூன்றாம் மாடி. இடையிலுள்ள எட்டு மாடிகளுக்குத்தான் குடும்ப அமைதி என்று பெயர்.

தம்பி செய்யும் தொழில் என்ன? ஒரு வீடியோ விளையாட்டுக்கு இசை. அந்த விளையாட்டில் ஒரே ஒரு மனிதன். ஓட்டை விழுந்த ஒரு விண்கலம். சுற்றிலும் இருட்டு. அவசரத்துக்குப் பக்கத்து வீட்டில் ஏணி கேட்கலாம் என்றால், பக்கத்து வீடு கோடிக்கணக்கான மைல் தள்ளி, அதுவும் பூட்டிக் கிடக்கிறது. கலத்தில் உயிர்வளி குறைந்துகொண்டே போகும். எவ்வளவு மிச்சம் என்று காட்டத் திரையில் முள் இல்லை, எண் இல்லை. இசைதான் சொல்லும்! காற்று நிறைந்திருக்கும்போது பத்து வாத்தியங்கள் பொங்கி முழங்கும். காற்று குறையக் குறைய, நான் ஆண்டறிக்கை வாசிக்கத் தொடங்கியதும் நீங்கள் எழுந்து போவதுபோல, வாத்தியங்கள் ஒவ்வொன்றாக எழுந்து போகும். கடைசியில் ஒரே ஒரு புல்லாங்குழல். அதுவும் நின்றால், ஆள் போனான் என்று பொருள்.

விளையாட்டு நிறுவனத்தின் மேலாளர் இதைக் கேட்டார். கேட்டுவிட்டுச் சொன்னார்: “நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா வாத்தியம் போறது யாருக்குத் தெரியப்போகுது? பேசாம முரசு போடுங்க. மாசக் கடைசிக்குள்ள, பயமா இருக்குன்னு யாராவது ஒருத்தர் சொல்லட்டும். இல்லேன்னா நாங்க வேற ஆளப் பாத்துக்கறோம்.”

தம்பி ஆள் தேடினார். மனைவி கேட்டார், துணி மடித்துக்கொண்டே கேட்டதால் பயம் வரவில்லை. மாமியார் கேட்டார். கேட்டுவிட்டு அவர் அருளிய மொழிகள் இவை: “காத்து போகுது, காத்து போகுதுன்னு நாள் முழுக்க உக்காந்திருக்கீங்களே மாப்பிள்ள, ஒரு சைக்கிள் கடை வெச்சிருந்தா நாலு பேருக்குக் காத்தடிச்ச புண்ணியமாவது கெடச்சிருக்கும்!”

என்ன அம்மா? “இப்பவும் அதத்தான் சொல்றேன்” என்கிறீர்களா? குறித்துக்கொள்கிறேன்.

இந்த நிலையில்தான் செயற்குழு எடுத்த அந்த மகத்தான முடிவு தம்பியின் வாசலை அடைந்தது. மின்தூக்கிக்காக அவர் அனுப்பிய மாதிரி இசை தேனாக இருந்தது. செயலாளர் என்ற முறையில் நானே நேரில் சென்றேன்.

“மாதிரி நல்லா இருக்கு தம்பி. இறுதிய அனுப்பிடுங்க.”

தம்பி திகைத்தார். “இறுதியா சார்? நிச்சயமா?”

“ஆமா. நம்ம சங்கத்துக்கு அரைகுறையெல்லாம் ஆகாது. இறுதிதான்.”

“லிஃப்ட்ல பெரியவங்க, சின்னப் பிள்ளைங்க எல்லாம் போவாங்களே சார்?”

“அவங்களுக்குத்தான் தம்பி மொதல்ல வேணும்!”

நான் கேட்டது, வேலை முடிந்த இறுதி வடிவம். தம்பியின் கணினியில் இருந்த பாட்டுகளின் பெயர்களோ தொடக்கம், பயணம், பழுது, இறுதி! காற்று தீர்ந்து மனிதன் சாகிற பாட்டுக்குப் பெயர் இறுதி! ஒரு சொல்லுக்குள் இரு பொருள் வைத்தது தமிழின் பெருமையல்லவா? ஒரு பொருளில் நான் உறுதியாக நின்றேன். மறு பொருளில் தம்பி கலங்கி நின்றார். நடுவில் நம் மின்தூக்கி நின்றது.

அதன் ஆமை வேகம் நீங்கள் அறியாததா? கீழ்த்தளத்தில் கதவு மூடும்போது பத்து வாத்தியங்கள். பன்னிரண்டாம் மாடியில் கதவு திறக்கும்போது நிசப்தம்!

பிறகு என்ன நடந்தது? ஆறாம் மாடி ஆடிட்டர் நான்கிலேயே இறங்கினார். ஏன் என்று கேட்டேன். “நடக்கச் சொல்லி டாக்டர் சொல்லியிருக்காரு” என்றார். டாக்டர் வீடு எட்டாம் மாடி. அவர் ஐந்தில் இறங்கிப் படியேறிக்கொண்டிருந்தார். உள்ளே யாரும் பேசுவதில்லை. சண்டைக்காரர்கள்கூடச் சைகையில்தான் திட்டிக்கொண்டார்கள். இருவர் ஏறிவிட்டால் மூன்றாமவர், “நீங்க போங்க, உள்ள இருக்கறது ரெண்டு பேருக்குத்தான் காணும்” என்று விலகி நின்றார். எது காணும் என்று ஒருவரும் கேட்கவில்லை!

மூச்சு முட்டுகிறது என்று புகார்கள் குவிந்ததும் மெக்கானிக் வந்தார். விசிறியைக் கழற்றிப் பெரிய விசிறி மாட்டினார். சோதித்துப் பார்க்க மேலே போனார். படியில் இறங்கி வந்தார்.

“என்னப்பா, சரியாயிடுச்சா?”

“மெஷின்ல ஒண்ணும் இல்ல சார். பாட்டுலதான் லீக்.”

மாசக் கடைசி வந்தது. வேலை இல்லை என்பதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுவதுதான் மரியாதை என்று மேலாளர் நேரில் வந்தார். தம்பி அவரோடு கீழ்த்தளத்தில் மின்தூக்கிக்காகக் காத்து நின்றார். மின்தூக்கி மேலே போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் காவலாளியின் மேசையில், மின்தூக்கிக்குள்ளிருந்து பேசுவதற்கான அவசர ஒலிபெருக்கி அலறியது!

“வாட்ச்மேன்! என் பொண்ணக் கூப்பிடு! வேணாம், மாப்பிள்ளயக் கூப்பிடு! மத்ததெல்லாம் போயிடுச்சு, குழல் ஒண்ணுதான் பாக்கி. அதையாவது நிறுத்தாம இருக்கச் சொல்லு! சைக்கிள் கடைன்னு நான் சொன்னதெல்லாம் மனசுல வெச்சுக்க வேணாம்னு சொல்லு!”

மேலாளர் ஒலிபெருக்கியின் பக்கம் திரும்பினார். “யாருங்க அது?”

“என் மாமியார் சார்.”

“அவங்களுக்கு என்ன ஆச்சு?”

“ஒண்ணும் இல்ல சார். என் பாட்டக் கேட்டுக்கிட்டிருக்காங்க.”

அவையோரே! பன்னிரண்டில் கதவு திறந்தது. அம்மையார் நலமாக வெளியே வந்தார். ஆனால் மேலாளர் நம்பவில்லை. “நான் பாக்கறேன்” என்று தனியாக ஏறினார். பன்னிரண்டை அமுக்கினார். ஏழில் இறங்கினார். படி வழியாகக் கீழே வந்து, சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டு, இரண்டே சொற்கள் சொன்னார். “முரசு வேணாம்.”

கைதட்டுங்கள்! மூச்சு இருப்பவர்கள் கைதட்டுங்கள்!

அதன் பிறகும் சிலர் கேட்டார்கள்: “தம்பிக்கு வேலை நெலச்சுப்போச்சே, பழைய டிங் டிங்கையே போட்டுடலாமே?” சென்ற கூட்டத்தில் தீர்மானமே வந்தது. அப்போது அம்மையார் எழுந்தார். “யார் பாட்ட யார் எடுக்கறது? கேட்டா உசிரு போற மாதிரி இருக்குன்னா, அதுதான்யா சங்கீதம்! எங்க மாப்பிள்ள பாட்டு இங்கதான் ஓடும்!” என்றார். தீர்மானம் கொண்டுவந்தவர் தன் கையெழுத்தே அது இல்லை என்று மறுத்துவிட்டார்.

பெரியோர்களே! தாய்மார்களே! பிறந்த நாள் முதல் மூச்சு விட்டோம். தின்றபோது விட்டோம், தூங்கியபோது விட்டோம், சங்கக் கூட்டத்தில் பெருமூச்சாகவே விட்டோம். ஒரு நாளாவது அதை எண்ணிப் பார்த்தோமா? இசை இனிக்கும் என்றார்கள், இதம் தரும் என்றார்கள், இளைப்பாற்றும் என்றார்கள். ஆறாம் மாடியில் அடுத்த மூச்சின் அருமையை உணர்த்திய இசை இதற்குமுன் எது? எந்த அரண்மனையில் ஒலித்தது? எந்த அரங்கில் ஒலித்தது? ஆறு பேர் நிற்கும் ஓர் இரும்புப் பெட்டிக்குள் ஒலித்தது! இந்த இசை இருக்கும்வரை நாம் இருப்பது நமக்குத் தெரியும்! இது மாறாது! மாற்ற விடமாட்டோம்!

வெயிலில் நின்று கேட்டவர்களுக்கும், தொட்டி நிழலில் கேட்காமல் இருந்தவர்களுக்கும், ஒன்பதாம் மாடிவரை வந்துவிட்டதாகக் குரல் கொடுக்கும் பொருளாளருக்கும் நன்றி கூறி, இருக்கிற மூச்சில் ஒரு வணக்கம் வைத்து அமர்கிறேன்.

ஓர் அறிவிப்பு. துணைத்தலைவி அம்மையாரைப் பார்க்க வருபவர்கள் இனி மூன்றாம் மாடியில், மாப்பிள்ளை வீட்டில் மணியடிக்கவும். அம்மையார் நேற்று படி வழியாக இறங்கி அங்கே குடிவந்துவிட்டார். பெட்டிகள் மின்தூக்கியில் வந்து சேர்ந்தன.