வாய்க்கால் தெருவைத் திறந்தவர் மேல் எனக்குப் பொறாமை

விழாவுக்குத் தலைமையேற்று வேர்க்க வேர்க்க வீற்றிருக்கும் வாகன ஓட்டுநர் சங்கத் தலைவர் அழகுராஜா அண்ணன் அவர்களே, ஸ்டீயரிங் பிடித்துக் காய்த்துப்போன கைகளால் இந்தப் பந்தலைப் போட்டுத் தந்த ஓட்டுநர் தோழர்களே, முன்வரிசையில் அமர்ந்து முகம் கொடுத்துக் கேட்கும் பெரியோர்களே, சந்தைக் கூடையை இறக்கி வைத்துவிட்டு எனக்காக நிற்கும் தாய்மார்களே, உங்கள் எல்லோருக்கும் வாய்க்கால் தெரு மெக்கானிக் சோணையின் மாலை வணக்கம்.

இன்று பாராட்டு விழா. பாராட்டப்படுபவர் மந்தைத் தெரு மெக்கானிக் மலைச்சாமி. என் தங்கை சீனியம்மாளின் கணவர், எனக்கு மாப்பிள்ளை, தொழிலில் எனக்குப் போட்டி. அவரைப் பாராட்டிப் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். என்னிடம் பாராட்டு எங்கே இருக்கிறது? இருப்பதெல்லாம் பொறாமை. பச்சைப் பொறாமை. பந்தலில் இருக்கிற அத்தனை பேருக்கும் பங்கு வைத்தாலும் பாக்கி நிற்கும் பொறாமை. சிரிக்காதீர்கள். கதையைக் கேட்டால் உங்களுக்கும் வரும்.

நெடுஞ்சாலையிலிருந்து நம் சந்தைக்கு வர இருப்பது இரண்டே தெரு. ஒன்று மந்தைத் தெரு, மற்றது வாய்க்கால் தெரு. போன ஆண்டு, நெரிசலைக் குறைக்கிறோம் என்று பேரூராட்சி ஒரு தீர்மானம் போட்டது. வாய்க்கால் தெருவில் இனி நடந்து போகிறவர்கள் மட்டுமே போகலாம், வண்டிகள் எல்லாம் மந்தைத் தெரு வழியாகத்தான் என்றார்கள். எங்கள் தெருமுனையில் கல் தூண்களை நட்டார்கள். பெரியோர்களே, நான் வைத்திருப்பது பூக்கடையா? புடவைக் கடையா? மெக்கானிக் கடை. வண்டியே வராத தெருவில் நான் எதைப் பழுது பார்ப்பேன்? நடந்து போகிறவர்களின் முழங்காலையா?

ஸ்பானரைத் துடைத்தேன், மாட்டினேன், மறுபடி எடுத்துத் துடைத்தேன். என் மனைவி தமிழ்ச்செல்வி சும்மா இருப்பாளா?

"ஒங்க மாப்ள கடையில வண்டி வரிசை கட்டி நிக்கிதாம்ல. சாப்பிட வரக்கூட நேரமில்லைன்னு சீனியம்மா சோத்தக் கடைக்கே கொண்டு போறா. நீங்க வீட்டுல ஒரு தூக்கம் தூங்கிட்டே போகலாம்" என்றாள்.

மந்தைத் தெருவில் நடந்தால் என் கண் என் பேச்சைக் கேட்காது. அவர் கடை வாசலில் நிற்கும் வண்டிகளை மேய்ந்துகொண்டே போகும். ஒரே ஊர், ஒரே தொழில், ஒரே குடும்பம். கல் மட்டும் என் தெருவில், காசு மட்டும் அவர் தெருவிலா?

என்ன தம்பி அங்கே? "இப்பவும் எரியுதா"வா? இருங்கள், எரிய வேண்டிய இடம் இன்னும் வரவில்லை.

என் எரிச்சலை மட்டும் சொன்னால் அது நியாயமாகாது. இரண்டு தெருவில் ஓடிய வண்டிகள் ஒரே தெருவில் அடைந்தால் என்னவாகும்? ஷேர் ஆட்டோவும் மினி லாரியும் முட்டிக்கொண்டு நின்றன. கண்ணாடி உடையாத வண்டியில்லை, வாய்ச்சண்டை இல்லாத வேளையில்லை. சோழவந்தான் பக்கத்திலிருந்து லோடு ஆட்டோவில் வெற்றிலைக் கட்டு கொண்டுவரும் முனீஸ்வரியை உங்களுக்குத் தெரியும். சொந்த வண்டி, சொந்த உழைப்பு. அவள் அந்தத் தெருவைத் தாண்டிச் சந்தைக்குள் நுழையும்போது ஏலம் முடிந்திருக்கும். நகர்ந்து நின்று, நகர்ந்து நின்று, கிளட்ச் கருகிப்போகும். மறுபடி மறுபடி மலைச்சாமியிடமே வந்து நிற்பாள். ஒருநாள் அவரிடம் சொன்னாள்:

"அண்ணே, வெத்தல வித்தது அம்புட்டும் ஒங்க கடைக்கே வருது. நான் வெத்தலைக்கு ஓடுறேனா கிளச்சுக்கு ஓடுறேனான்னு எனக்கே தெரியல."

அன்று சீனியம்மாள் கொண்டுபோன சோறு அப்படியே திரும்பியது. "ஒடம்புக்கு முடியலையா?" என்று கேட்டிருக்கிறாள். "ஒடம்புக்கு என்ன. நம்ம கடை ஓடுது, ஊரு நிக்கிது" என்றாராம் மலைச்சாமி.

அதன் பிறகுதான் பேரூராட்சியில் கருத்துக் கேட்புக் கூட்டம் வந்தது. தூண்கள் இருக்கட்டும் என்று மந்தைத் தெரு வியாபாரிகள் திரண்டு வந்தார்கள். எங்கள் தெருவுக்காக நான் எழுந்தேன். எப்படிப் பேசினேன் தெரியுமா? பாதை என்பது பயணத்தின் பல்லவி என்றேன். கல்லை நட்டீர்கள், எங்கள் கஞ்சியைச் சுட்டீர்கள் என்றேன். எனக்கே கண் கலங்கியது. செயல் அலுவலர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "சோணை, முடிச்சிட்டீங்களா?" என்றார்.

அப்போது பின்வரிசையிலிருந்து மலைச்சாமி எழுந்தார். மேடை ஏறிப் பழக்கமில்லாதவர். கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டார்.

"சார், அந்தக் கல்ல நட்டதுல ஊர்லயே அதிக லாபம் எனக்குத்தான். நானே சொல்றேன், எடுத்துருங்க."

அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டார். அலுவலர் பேனாவைக் கீழே வைத்தார். அவ்வளவு நேரம் சத்தம் போட்டவர்கள் தரையைப் பார்த்தார்கள். அடுத்த வாரமே தூண்கள் போயின.

தாய்மார்களே, எரிந்த இடம் இதுதான். அவர் கடையில் நின்ற வண்டிகளைக்கூட நான் மன்னித்துவிடுவேன். ஆயுள் முழுக்க மேடைமேடையாய்ப் பேசியவன் நான். அந்த இரண்டு வாக்கியம் ஏன் என் வாயில் வரவில்லை? எப்படி வரும்? இழக்க அவரிடம் இருந்தது, இழக்கவும் அவர் தயாராக இருந்தார்.

இன்று மந்தைத் தெருவில் சிலர் அவரோடு பேசுவதில்லை. பிழைக்கத் தெரியாத ஆள் என்கிறார்கள். அவர் வாசலில் பாதி இடம் காலி. "ஏன் மாப்ள இப்படிப் பண்ணீங்க?" என்று கேட்டேன். "விடுங்க மச்சான், வண்டி ஓடட்டும்" என்றார்.

இன்று காலை என் கடை முன்னால் ஒரு பைக் நின்றது. ஸ்பானரோடு ஓடினேன். "என்ன கோளாறு தம்பி?"

"கோளாறு ஒண்ணுமில்லண்ணே. இந்தத் தெருவத் தெறக்கச் சொன்னாராமே ஒருத்தரு, அவரு கடை எங்கிட்டு இருக்கு? ஆயில அவருகிட்டயே மாத்திக்கிறலாம்னு பரவையில இருந்து வாரேன்."

திறந்துவிட்ட என் தெரு வழியாகவே அவரைத் தேடிப் போகிறார்கள். நெஞ்சு எரிய எரிய வழி சொல்லி அனுப்பினேன்.

மேடையில் இருக்கும் பேரூராட்சி உறுப்பினர் பெருமக்களே, நாளை எந்தத் தெருவில் கல் நட்டாலும், கிளட்ச் மேல் கால் வைத்திருப்பவரை ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நடுங்கள். ஊர் மக்களே, உங்களிடமும் ஒரு வேண்டுகோள். தனக்கு லாபம் தருகிற தவறைத் தவறு என்று எழுந்து சொல்ல, தெருவுக்கு ஒருவர் எழட்டும். கோச்சடையில் எழட்டும், பரவையில் எழட்டும், நம் சந்தை வாசலில் எழட்டும். அவரைப் பார்த்து ஊரே பொறாமைப்படட்டும். அந்தப் பொறாமை பெருகட்டும்.

என் பொறாமையைப் பொறுமையோடு கேட்ட உங்களுக்கு என் நன்றியும் வணக்கமும். எந்திரிங்க மாப்ள, இந்தத் துண்டைப் போர்த்த வேண்டும். போர்த்தும்போது கொஞ்சம் இறுக்கிப் போர்த்திவிட்டால், பாசம் என்று யாரும் நினைத்துவிடாதீர்கள், பொறாமைதான்.