கேரட் லாரி வரும் நேரம்

ஜீப்பில் ஏற்றும்போது கோகிலவாணியின் ஒரு செருப்பு கழன்று தேயிலைச் செடிக்குள் விழுந்துவிட்டது. எல்லோரும் வண்டியை எடுக்கச் சொல்லிக் கத்திக்கொண்டிருக்க, நான் மட்டும் திரும்ப ஓடிப்போய், செல்போன் வெளிச்சத்தில் தேடி எடுத்துவந்தேன். ஆஸ்பத்திரிக்குள் வெறுங்காலோடு நடக்க அவளுக்குக் கூச்சமாக இருக்கும் என்று தோன்றியது. அவள் என் தங்கை, ஐயா. அந்த மாதிரி நேரத்தில் புத்தி இப்படித்தான் போகும்.

கரடி முகத்தில் அறைந்திருந்தது. மடியில் தலையை வைத்துத் துண்டால் அழுத்திப் பிடித்துக்கொண்டே வந்தேன். கோத்தகிரி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

பழ வியாபாரி நல்லசாமியை நீங்கள் ஸ்டேஷனில் பிடித்துவைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். பாதை வளைவில் பலாச்சக்கையைக் கொட்டிக் கரடியை வரவழைத்தது அவர்தான் என்று எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் ஆட்கள் அவருடைய தள்ளுவண்டியை உடைத்துவிட்டார்களாம். ஒன்றும் அறியாத மனிதர். எனக்கு அநியாயம் பிடிக்காது. அதனால்தான் வந்தேன். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

பஜாரில் எனக்குச் சின்ன எலெக்ட்ரிக் கடை. பச்சைத் தேயிலைக்கு விலை விழுந்ததிலிருந்து பஜாரே காய்ந்து கிடந்தது. பல்பு ஃபியூஸ் போனால்கூட மாற்றாமல் இருட்டில் சோறு தின்னப் பழகிவிட்டார்கள். அந்த நேரத்தில்தான் பேரூராட்சியில் பழைய சோடியம் விளக்குகளைக் கழற்றிவிட்டு எல்.ஈ.டி. போடுவது என்று முடிவானது. கோயம்புத்தூர் கம்பெனி ஒன்றும் நானும் ஆளுக்கொரு தெருவில் மாதிரி விளக்கு மாட்டினோம். யாருடையது கரண்டைக் குறைவாகக் குடிக்கிறதோ அவருக்கு ஆர்டர். அது கிடைத்தால் கடை பிழைக்கும். இல்லாவிட்டால் ஷட்டரை இறக்க வேண்டியதுதான்.

எங்கள் லயத்துக்குப் போகும் பாதையை நான் கேட்டு வாங்கினேன். அந்த வார்டு உறுப்பினர் கோகிலா. அவளை நிற்கவைத்ததே நான்தான். இலை பறிக்கத்தான் தெரியும், ஆபீஸ் பேச்சு வராது என்று அழுதவளை வீடுவீடாக அழைத்துப்போய் ஓட்டுக் கேட்டேன்.

கரண்டை மிச்சம் பிடிக்க விளக்கில் டைமர் வைத்தேன். ராத்திரி நடமாட்டம் ஓயும் நேரத்தில் அணையும், விடியும்வரை எரியாது. அதில்தான் தவறு. கல்யாணமாகிப் பஜாருக்கு வந்தபிறகும் என் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது எஸ்டேட் நேரம். ஃபேக்டரி சங்கு ஊதும், விடிந்தபிறகு சனம் வெளியே வரும். ஆனால் ஃபேக்டரி மூடியாயிற்று. லயமே இப்போது ஊட்டிப் பக்கம் கேரட் பிடுங்கப் போகிறது. பிடுங்கிக் கழுவிக் காலையிலேயே மண்டிக்கு அனுப்ப வேண்டும் என்பதால், ஆள் ஏற்றும் லாரி இருட்டோடு வந்துவிடும். என் விளக்கு தூங்கும் நேரத்தில்தான் அத்தனை பேரும் நடந்தார்கள்.

மன்றக் கூட்டத்தில் கோகிலா எழுந்து நின்றாள். பேச்சு வராது என்றவள்.

"எங்க அண்ணன் லைட்டு நல்ல லைட்டுதான். நாங்க ஊட்டுக்குள்ள இருக்கையில ஜெகஜோதியா எரியுது. கால வெளிய வெச்சா தூங்கப் போயிருது."

தலைவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஏனுங்க சசிதரன், உங்க லைட்டுக்கும் எஸ்டேட் மாதிரி லீவு உண்டுங்களா?"

மன்றமே சிரித்தது. அவளும் சிரித்தாள். அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

டைமரை எடுத்தால் கரண்டு கூடும். கூடினால் கோயம்புத்தூர்க்காரன் ஜெயிப்பான். அதுதான் நடந்தது. அவனுக்காகத் தூக்கிய கைகளில் என் தங்கையின் கையும் ஒன்று.

சாயங்காலம் கடைக்கு வந்து, கோபமா என்று கேட்டாள். வீட்டில் வைத்துச் சொல்லியிருக்கலாமே என்றேன்.

"ஊட்டுலயும் சொன்னேன்ல அண்ணே. அப்ப நீ டிவி பாத்துக்கிட்டிருந்த. இருட்டுல நடக்குறது நாங்கதானே?"

சொல்லியிருக்கிறாள்தான். இரண்டு மூன்று முறைகூட இருக்கலாம். ஆனால் கூடப் பிறந்தவனை ஊர் சிரிக்க வைப்பது வேறு விஷயம் இல்லையா? நீங்களே சொல்லுங்கள்.

புது விளக்கு வரும்வரை என்னுடையவைதான் எரியும். போய் டைமரை மாற்றினேன். விளக்குகள் விடியவிடிய எரிந்தன. வளைவில் இருந்த ஒன்றை மட்டும் மாற்றவில்லை. கோகிலாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அண்ணன் மாற்றிக் கொடுத்துவிட்டது, இனிமேல் டார்ச் வேண்டாம் என்று லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். வளைவு தெரியவில்லையே என்று யாரோ கேட்டதற்கும், அதையும் அண்ணன் பார்த்துக்கொள்ளும் என்றாளாம்.

கேரட் லாரி யாருக்காகவும் நிற்காது. அதனால் ஒருவர் முன்னால் போய், படியில் கால் வைத்து வண்டியை நிறுத்திவைக்க வேண்டும். மற்றவர்கள் பின்னால் வந்து ஏறுவார்கள். முன்னால் போவது எப்போதும் கோகிலாதான். மெம்பர் ஆனபிறகும் அந்த வேலையை அவள் விடவில்லை.

பலாப்பழம் நல்லசாமியுடையது இல்லை. பர்லியாறில் நான் வாங்கியது. நானே பிளந்து அந்த வளைவு விளக்குக் கம்பத்தடியில் வைத்தேன். பலா வாசனைக்குக் கரடி எங்கிருந்தாலும் இறங்கி வரும், இது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அவள் பயந்து லயத்துக்குத் திரும்பி ஓட வேண்டும், ஆர்டரைத் தட்டிவிட்டது தப்பு என்று ஒரு நாளாவது நினைக்க வேண்டும், அவ்வளவுதான் என் எண்ணம். மற்றபடி கரடி செய்ததற்கு நான் எப்படிப் பொறுப்பாக முடியும்?

வனத்துறை ஆட்கள் இரண்டு பழத்தின் சக்கை கிடந்தது என்று எழுதியிருப்பார்கள். அது சரிதான். முதல் பழம் வைத்த அன்று கோகிலாவுக்குக் காய்ச்சல். அவளுக்குப் பதிலாகப் பக்கத்து வீட்டு வீரம்மா முன்னால் வந்தாள். வளைவில் கரடி தின்றுகொண்டிருந்தது. நான் ஓடிப்போய் வீரம்மாவைக் கூப்பிட்டு நிறுத்தி, அது காட்டுக்குள் போகும்வரை அவள் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். பாவம், அவள் எனக்கு என்ன செய்தாள்?

கோகிலா உடம்பு தேறி வேலைக்குக் கிளம்பிய அன்று இன்னொரு பழம் வைத்தேன். அன்றும் அதே இடத்தில்தான் நின்றிருந்தேன், ஐயா. கூப்பிடவில்லை.