டல்வினாவுக்குக் கொடுத்த மீன்

மீனை வீணாக்குவது எனக்குப் பிடிக்காது, இன்ஸ்பெக்டர் ஐயா. வேறு குறைகள் உண்டு. என் மனைவியைக் கேட்டால் உங்கள் காப்பி ஆறும்வரை சொல்வாள்.

டாக்டர் லுசினெய்டி எங்கள் தபஜோஸ் ஆற்றுக்கு மீன்களைச் சோதிக்க வந்தார். தங்கம் எடுக்கும் மிதவைகள் விடும் பாதரசத்தால் மீனின் ஈரல் கெடுமாம். கெட்டால் ஈரலுக்குள் இருக்கவேண்டிய நொதிகள் ரத்தத்தில் கசியுமாம். மிதவைகளுக்குக் கீழே சுருபிம் கெளுத்தி பிடித்து உயிரோடு கொடுப்பது என் வேலை.

மிதவை முதலாளி வால்டெமிர் என் மகளின் ஞானத்தகப்பன். ஞானஸ்நானத்தில் அவளைத் தாங்கிய கையை எப்படிக் காட்டிக்கொடுப்பது? அவர் எதுவும் கேட்கவில்லை. நானாகவே பண்ணைக் குளத்து மீனை ஆற்று மீன் என்று கொண்டுபோய்க் கொடுத்தேன்.

டாக்டர் ஒரு மீனின் வயிற்றைக் கீறினார்.

“செவெரியானோ அண்ணே, தீவன உருண்டை கெடக்கு. ஆத்துக்குள்ள யாராச்சும் தீவனக் கடை போட்டிருக்காங்களா?”

“கரையில பன்னி வளக்கிறாங்க டாக்டரம்மா. அங்கேருந்து வந்திருக்கும்.”

“பன்னியே படகேறி வந்து பரிமாறிச்சாக்கும்.”

அதன்பிறகு அவர் கூடையைவிட என் முகத்தைத்தான் அதிகம் பார்த்தார். அடுத்த மீன்களை நான் பட்டினி போட்டுக் கொடுத்தேன். வயிறு காலி, நொதிகளும் சரி. சந்தேகம் தீரவில்லை, ஆனால் கையில் ஆதாரம் இல்லை. ஆற்று மீனைச் சாப்பிடலாம் என்று அவர் வாயாலேயே ஊருக்குச் சொல்லிவிட்டுப் போனார்.

டாக்டர் இங்கே இருந்த நாளெல்லாம் நான் ஆற்றில் வலை போடுவதை நாலு பேர் பார்க்க வேண்டுமே. தினமும் போட்டேன். மீனும் விழுந்தது. பக்கத்து வீட்டு டல்வினா புருஷன் விட்டுப்போனவள், மாசமாக இருந்தாள்.

“இவ்ளோ பெரிய மீனாண்ணே? உங்க வீட்டுக்கு?”

“இருக்கு, இருக்கு. நீ ரெண்டு உசுருக்குத் திங்கணும்.”

“இப்படித் தின்னா எம் புள்ள கெளுத்தி மீசையோட பொறக்கப் போவுது!”

மீசையில்லாமல்தான் பிறந்தான். ஒன்றரை வயதாகியும் கழுத்து நிற்கவில்லை. கை நடுக்கம் நிற்கவில்லை. டாக்டர் திரும்பி வந்து அவன் தலைமுடியைச் சோதித்தார். பாதரசம். அங்கிருந்து நேராக உங்களிடம் வந்திருக்கிறார்.

ஆமாம், மீனை மாற்றியது நான்தான். ஆனால் கெடுதல் என்று தெரிந்து கொடுக்கவில்லை, ஐயா. நொதி, கசிவு என்று படித்தவர்கள் பேசியதை நான் நம்பவே இல்லை.

அந்த வருடம் என் வீட்டில் ஏன் கோழி மட்டும் என்று கேட்கிறீர்கள். என் மகளும் அப்போது மாசமாக இருந்தாள். அவளுக்கு மீன் வாடை ஆகாது. அவள் அப்படிச் சொன்னதில்லை, நானாகத்தான் புரிந்துகொண்டேன்.