ஆறாவது கோடு

– கதவைத் திற தம்பி.

– ஜுரம் அண்ணி. உங்களுக்கும் ஒட்டிக்கும்.

– நான் நர்ஸ்டா. ஜுரத்துக்குப் பயந்தா கடலுக்கு நடுவுல எண்ணெய்க் கிணத்து மேடையில எட்டு வருஷம் ஊசி போட்டிருப்பேனா? திறந்து கையை நீட்டு, பாக்கறேன்.

– இப்ப கொஞ்சம் குறைஞ்சிருக்கு...

– ஆறு மாசமா ஒரே ஜுரம்! எந்தப் புஸ்தகத்துலயும் இல்லாத ஜுரம்!

– போயிடுங்க அண்ணி. உங்க முகத்தைப் பாக்க எனக்குத் தெம்பு இல்லை.

– ஏன், என் முகத்துக்கு என்ன?

– அண்ணன் ஞாபகம் வருது. நான் செக் பண்ணி அனுப்பின ஹெலிகாப்டரைத்தானே அவர் ஓட்டிக்கிட்டுப் போனார்... கூட நாலு பேர். இருபது நிமிஷத்துல கடல்ல...

– ம்... அதைக் கடலுக்கு அடியிலேர்ந்து தூக்கிட்டாங்க, தெரியுமா?

– எப்போ?

– ரெண்டு மாசம் ஆச்சு. நேத்து விசாரணை அதிகாரி எங்க அஞ்சு குடும்பத்தையும் கூப்பிட்டுப் பேசினார். உனக்கும் கம்பெனியிலேர்ந்து கடுதாசி வந்திருக்குமே?

– வந்துச்சு. பிரிக்கலை.

– ரொம்ப நல்ல காரியம்!

– பிரிக்காமலே தெரியும் அண்ணி. கியர்பாக்ஸ்ல ஆறு போல்ட். ஒவ்வொண்ணையும் முறுக்கி முடிச்சதும் அது மேல மஞ்சப் பெயிண்ட்ல ஒரு கோடு இழுப்பேன். போல்ட் துளி அசைஞ்சாலும் கோடு உடைஞ்சு காட்டிக் கொடுத்துடும்.

– தெரியும். "அவன் கோடு போட்டிருந்தா நான் கண்ணை மூடிக்கிட்டு ஏறுவேன்"னு வீட்டுல சொல்வார்.

– ஐயோ, அதைச் சொல்லாதீங்க... அஞ்சு போட்டது நல்லா ஞாபகம் இருக்கு. ஆறாவது...

– ஆறாவது?

– ஞாபகமே இல்லை. கண்ணை மூடினா அஞ்சு கோடுதான் தெரியுது. ஆறாவதை முறுக்காமலே விட்டுட்டேன் அண்ணி. நான்தான் கொன்னுட்டேன்.

– உனக்கா மறதி? அந்த நேரத்துல என்ன ஆச்சு?

– ஒண்ணும் ஆகலை... ஒரு போன் வந்துச்சு.

– யாரு?

– ...ராங் நம்பர்.

– விசாரணையிலயும் அப்படித்தான் சொன்னியா?

– போனே வரலைன்னு சொன்னேன்.

– ஏன்?

– ராங் நம்பரை எல்லாம் போய் எதுக்கு... விடுங்க அண்ணி.

– ம்... சரி. கீழ பாரு. கதவுக்கு அடியில ஒரு போட்டோ தள்ளறேன். எடு.

– வேண்டாம்.

– எடுடா! புருஷனைப் பறிகொடுத்தவ நான். நானே பாத்துட்டேன், உனக்கென்ன?

– எடுத்துட்டேன்... இது அந்த கியர்பாக்ஸ்!

– எண்ணு. வாய்விட்டு எண்ணு.

– ஒண்ணு... ரெண்டு... மூணு... நாலு... அஞ்சு...

– ம், சொல்லு.

– ...ஆறு.

– காதுல விழலை.

– ஆறு அண்ணி! ஆறும் இருக்கு! ஒரு கோடுகூட உடையலை!

– உள்ள இருந்த பல்சக்கரத்துல தயாரிக்கும்போதே விரிசலாம். கண்ணுக்கே தெரியாத விரிசல். நீ இல்லை, எவன் பாத்திருந்தாலும் தெரிஞ்சிருக்காதுன்னார். அந்தச் சக்கரம் இருக்கற ஹெலிகாப்டர் அத்தனையையும் நிறுத்தி மாத்தச் சொல்லிட்டாங்க. இனிமே யார் வீட்டுலயும்... இப்படி...

– அண்ணி, அழறீங்களா?

– ஆமா, அழறேன். நீ மட்டும் உள்ள என்ன பாட்டா பாடறே?

– அண்ணி... இந்த ஆறாவது கோடு மட்டும் கோணலா இருக்கே. வால் மாதிரி இழுத்துக்கிட்டுப் போகுது. நான் இப்படிப் போட மாட்டேனே!

– அதிகாரியும் அதைத்தான் காட்டினார். "கோணலா இருந்தா என்ன, உடையலையே, அது போதும்"னார். ஏன் கோணல்னு அவருக்குத் தெரியலை. எனக்குத் தெரிஞ்சுது.

– உங்களுக்கா? எப்படி?

– முதல்ல கதவைத் திற. வர்ற திங்கட்கிழமை நான் டூட்டிக்குக் கிளம்பறேன். சக்கரம் மாத்தின ஹெலிகாப்டர். மேனேஜர் உன்னை வரச் சொல்லித்தான் அந்தக் கடுதாசியே போட்டிருக்கார். உன் கோடு இல்லாம நான் ஏற மாட்டேன், சொல்லிட்டேன்.

– இருங்க... தாழ்ப்பாள் இறுகிப் போச்சு... ம், திறந்துடுச்சு. வாங்க அண்ணி. இப்ப சொல்லுங்க, ஏன் கோணல்?

– போனைத் தோள்ல இடுக்கிக்கிட்டு, "அண்ணன் சாப்பாட்டு டப்பாவை மறந்துட்டாரா? நான் பாத்துக்கறேன் அண்ணி, நீங்க வைங்க"ன்னு பேசிக்கிட்டே போட்டா, கோடு வேற எப்படி வரும்? ராங் நம்பராம், ராங் நம்பர்! ...அந்தப் போனைப் பத்தி நானும் யார்கிட்டயும் மூச்சு விடலை தம்பி. நேத்து அந்தப் போட்டோவைப் பாக்கற வரைக்கும், நான்தான் கொன்னுட்டேன்னு நானும் நினைச்சுக்கிட்டிருந்தேன்.