டி-1 என்றால் என்னவென்று யாரும் கேட்கவில்லை

என் யூனிஃபார்மின் இடது பை கொஞ்ச நாளாகவே கிழிந்திருந்தது. தைக்க நேரம் வாய்க்கவில்லை. இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், நீங்களும் ஸ்டேஷனில் அந்தப் பையைத்தான் முதலில் சோதித்தீர்கள்.

எங்கள் கம்பெனி ஃபர்னஸ் பழுது பார்க்கிறது. தரைக்கு அடியிலுள்ள அறையில் உட்கார்ந்துகொண்டு வீடு முழுக்கச் சூடான காற்றை அனுப்பும் பெட்டி அது. எங்கள் தலைமை மெக்கானிக்குப் பட்டப்பெயர் டாக்டர். பெட்டியில் காதை வைத்தே நோயைச் சொல்லிவிடுவாராம். நான் அவருக்குக் கையாள். எங்கள் வம்சத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அதனால் அவர் எனக்கு வைத்த பெயர் டிகிரி. "டிகிரி, ஸ்பேனர எடு. டிகிரி, டீ சொல்லு." நாய்க்குட்டிக்குக்கூடக் கொஞ்சம் யோசித்துத்தான் பெயர் வைப்பார்கள்.

திங்கட்கிழமை ஒரு தையற்காரம்மா வீட்டுக்குப் போனோம். எழுபது தாண்டியவர், தனி ஆள். வெளியே வாளித் தண்ணீர் உறைந்து கல்லாகிக் கிடந்தது. ஃபர்னஸுக்கு மூளையான எலக்ட்ரானிக் போர்டு எரிந்திருந்தது. டாக்டர் அதைக் கழற்றிக் குப்பைப் பெட்டியில் வீசிவிட்டுப் புதுசை மாட்டினார். திரையில் டி-1 என்று வந்தது.

அதற்கு அர்த்தம் கையேட்டில் நாற்பத்தேழாம் பக்கத்தில் இருக்கிறது. புது போர்டு காலி மண்டையாகத்தான் வரும். தான் எந்த அளவு ஃபர்னஸில் இருக்கிறோம், விசிறியை எவ்வளவு வேகத்தில் சுற்ற வேண்டும், ஒன்றும் அதற்குத் தெரியாது. அந்த விவரமெல்லாம் கட்டைவிரல் அளவு கார்டு ஒன்றில் இருக்கும். அதைப் பழைய போர்டிலிருந்து உருவிப் புதியதில் செருக வேண்டும், செருகாவிட்டால் டி-1. தொலைந்துவிடக் கூடாதென்று கார்டைப் பெட்டியோடு சேர்த்துக் கயிறு போட்டே கட்டியிருப்பார்கள். டாக்டர் அந்தக் கயிற்றை இடைஞ்சல் என்று வெட்டிவிட்டார்.

"அண்ணே, புக்குல ஒண்ணு போட்டிருக்கு" என்று ஆரம்பித்தேன்.

"புக்க நீயே கட்டிக்கிட்டு அழு. இருபது வருசமா இதுல கையச் சுட்டுக்கிட்டவன் நான். கேட்டா மட்டும் வாயத் தொற."

நியாயமான பேச்சு. குப்பைப் பெட்டியிலிருந்து கார்டை எடுத்து, கிழியாத ஓரமாகப் பையில் போட்டுக்கொண்டேன். கேட்டதும் கொடுக்கத்தான்.

செவ்வாய்க்கிழமை ஒயரை மாற்றினார். புதன்கிழமை இன்னொரு புது போர்டு மாட்டினார். அதுவும் டி-1 என்றது. பெட்டியைச் செய்தவனின் குடும்பத்தை வரிசையாகத் திட்டி முடித்துவிட்டு, முழு ஃபர்னஸையே மாற்ற வேண்டும், வெள்ளிக்கிழமைதான் வரும் என்றார். அதுவரைக்கும் கம்பெனி ஒரு குட்டி ஹீட்டர் கொடுத்தது. அதன் சூடு தையற்காரம்மாவின் முழங்காலுக்கு மேல் ஏறவில்லை.

இத்தனை நாளில் ஒரே ஒரு தடவை, "டிகிரி, உனக்கு ஏதாவது தெரியுமா?" என்று அவர் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. வீம்பு ஒரு மனுஷனை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது பாருங்கள்.

புதன்கிழமை நாங்கள் கிளம்பும்போது தையற்காரம்மா என் பையைப் பார்த்துவிட்டார். "உள்ள என்னமோ கெட்டியா இருக்கே, விழுந்துடப் போகுது. இப்படி நில்லு" என்றார். விரலெல்லாம் நீலம் பாரித்திருந்தது. ஊசியில் நூல் கோக்க நாலு தடவை ஆயிற்று. ஆனாலும் தையல் சுத்தம். நீங்களே பார்த்தீர்களே.

வெள்ளிக்கிழமை கதவைத் திறக்க ஆளில்லை. பூட்டை உடைத்து உள்ளே போனோம். தையல் மிஷின் பக்கத்தில், நாற்காலியில், மூன்று போர்வைக்குள் இருந்தார். ஹீட்டர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. டாக்டர் அவர் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தார். காதை வைத்துக் கேட்கவில்லை.

எழுதிக்கொள்ளுங்கள். கார்டு என்னிடம் இருந்தது. எங்கே செருக வேண்டும் என்று தெரியும். அரை நிமிட வேலை. திங்கள் முதல் வெள்ளி வரை நான் கொடுக்கவில்லை. யாரும் என்னைக் கேட்கவில்லை.

யாருமே கேட்கவில்லையா என்கிறீர்கள். தைத்துக்கொண்டிருந்தபோது தையற்காரம்மா கேட்டார்.

"அந்த டி ஒண்ணுன்னா என்ன கண்ணு? நீ படிச்ச பொண்ணாச்சே, உனக்குத் தெரிஞ்சிருக்குமே."

"அண்ணனக் கேளுங்கம்மா" என்றேன். அவர் நூலைப் பல்லால் கடித்து அறுத்து, பையை இரண்டு தட்டுத் தட்டிவிட்டார்.

கேட்க வேண்டிய ஆள் அவர் இல்லையே.