மூச்சு மறக்கும் பிள்ளை

— சட்டையைக் கழட்டுங்கன்னா கழட்டுங்க. வெட்கப்பட இதென்ன பொண்ணு பார்க்கிற இடமா?

— இல்ல சிஸ்டர், பிள்ளை இத்தனூண்டு இருக்கே. என்னோடது பஸ் ஓட்டுற கை. முரட்டுக் கை.

— கையை யாரு கேட்டா? நெஞ்சுதான் வேணும். சூடு குடுக்கிற கண்ணாடிப் பெட்டி ரெண்டுலயும் வேற குழந்தைங்க இருக்கு. இனிமே நீங்கதான் பெட்டி. நாற்காலியைக் கட்டில் கால்மாட்டுல போட்டுக்குங்க, அங்கதான் காத்து வராது. ம், சாய்ஞ்சு உட்காருங்க. பிள்ளையை நெஞ்சோட சேர்த்துத் துணியால கட்டிடறேன். சூடு தெரியுதா?

— தெரியுது. ஐயோ, கோழிக்குஞ்சு மாதிரி இருக்கா.

— நல்லாக் கேட்டுக்குங்க. மாசம் முடியாம வந்த பிள்ளை. நடுநடுவுல மூச்சு விட மறந்துடும்.

— மறந்துடுமா?

— மறந்துடும். உள்ளங்காலை இப்படி விரலால சுண்டி விடணும், ஞாபகம் வந்துடும். வரலைன்னா கத்துங்க. பக்கத்து ரூம்ல இன்னொரு பிரசவம், அங்கதான் இருப்பேன். கண்ணை மட்டும் எடுத்துடாதீங்க. அம்மா, நீங்க அசையாமப் படுங்க. உங்களை அப்புறமா வந்து பார்க்கறேன். இப்போ பிள்ளைதான் முக்கியம்.

— ஏங்க. போயிட்டாங்களா?

— போயிட்டாங்க.

— விடுறாளா?

— விடுறா.

— எனக்கு உங்க முதுகுதான் தெரியுது. சும்மா சொல்லாதீங்க.

— சத்தியமா. அவ முதுகு ஏறி இறங்குது. ஒண்ணு செய்வோம், கண்டக்டர். ஒவ்வொரு தடவையும் நான் 'விடுறா'ன்னு சொல்றேன், நீ 'ரைட்' குடு.

— கட்டின நாள்லேருந்து கண்டக்டர், கண்டக்டர்னே மானத்தை வாங்குறீங்க. இனிமே பிள்ளை காதுலயும் விழப்போகுது.

— நீ விசில் அடிக்காம நான் என்னைக்கு வண்டியை எடுத்திருக்கேன்? ம், விடுறா.

— ரைட்.

— விடுறா.

— ரைட். பயமா இருக்குங்க. போன தடவை வெறுங்கையோட வீட்டுக்குப் போனோம். இன்னொரு தடவை என்னால முடியாது.

— எனக்கு மட்டும் என்ன? மழையில மலைப்பாதை இறங்குறப்போகூட ரோட்டை இப்படி உத்துப் பார்த்ததில்ல. அப்போ பின்னாடி பஸ் நிறைய ஆளு. இப்போ இவ ஒருத்திக்குக் கண்ணைச் சிமிட்டக்கூட முடியல. விடு...

— என்ன? ஏன் நிறுத்திட்டீங்க?

— முதுகு அசையல.

— காலு! காலைச் சுண்டுங்க!

— சுண்டுறேன். ஏம்மா, சின்னவளே, விடும்மா...

— பலமா! கொஞ்சிக்கிட்டு இருக்காதீங்க!

— விட்டுட்டா! விட்டுட்டா, கண்டக்டர்! முனகுறா, கேட்டுச்சா?

— கேட்டுச்சு. அப்பாடா. ஏங்க, கண்ணை எடுக்காதீங்க. எதுக்கும் எடுக்காதீங்க. என்னைக்கூடப் பார்க்க வேணாம்.

— சரி, பார்க்கல. விடுறா.

— ரைட்.

— என்ன உன் குரல், கிணத்துக்குள்ளேருந்து வர்ற மாதிரி?

— குளிருது. ஜன்னல் திறந்திருக்கா?

— மூடித்தான் இருக்கு. வெளியே வெயில் கொளுத்துது, எனக்கு வேர்த்துக் கொட்டுது. சிஸ்டரைக் கூப்பிடவா?

— வேணாம். கத்தினா பிள்ளை பதறும். பெத்தவளுக்குக் குளிரத்தான் செய்யும். துணிதான் மாத்தணும் போல. அது கிடக்கட்டும். நாக்கு வறண்டு போச்சு.

— எழுந்து தண்ணி தரவா?

— நகராதீங்க! கட்டு அவிழ்ந்துடும். அப்புறம் குடிச்சுக்கறேன்.

— விடுறா.

— ...ரைட்.

— ஒரு ரைட்டுக்கு இவ்வளவு நேரமா? தூங்கி வழியுறியா?

— கண்ணைச் சொருகுது. பிள்ளை?

— பிரமாதமா விடுறா. சப்புக் கொட்டுறா பாரு. பால் தேடுறா. உன்னை மாதிரியேதான், பசி வந்தா பொறுக்காது.

— ம்.

— விடுறா.

— ...

— விடுறா, கண்டக்டர்.

— ...

— சரி, தூங்கு. நான் பார்த்துக்கறேன்.

— ...

— ஆமா, தண்ணி பாட்டிலைத் தட்டி விட்டுட்டியா? காலுக்குக் கீழ ஈரமா இருக்கு. செருப்பை வேற வெளியே விட்டுட்டு வந்துட்டேன்.

— ...

— வெதுவெதுன்னு இருக்கே. பாட்டில் மேசை மேலதானே நிக்குது. ஐயோ. ஐயோ, கட்டில்லேருந்து சொட்டுது. பாதமெல்லாம் சிவப்பு. ஏய். ஏய், இங்க பாரு. ரைட் குடு. ஒரே ஒரு தடவை குடு. சிஸ்டர்! சிஸ்டர்!

— வந்துட்டேன், வந்துட்டேன்! மறந்துட்டாளா? காலைச் சுண்டினீங்களா?

— சுண்டிக்கிட்டேதான் இருக்கேன், சிஸ்டர். பிள்ளை நல்லா விடுறா. இது அவ அம்மாவோட காலு.